ஒட்டவைத்த பாட்டு

படத்துக்கென்று எழுதாத பாட்டு திரைப்பாட்டு ஆகுமா? ஆகும் என்பதற்கு மைக் நிக்கல்ஸ் இயக்கிய ‘தி கிராஜுவேட்’ (1967) சாட்சி. படத்தொகுப்பின்போது தற்காலிகமாக ஒட்டிவைத்த சைமன், கார்ஃபங்கல் இருவரின் பழைய பாடல்களைப் பிறகு அவரால் பிய்த்தெடுக்க முடியவில்லை. அவற்றில் ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ 1964-இல் வெறும் கிதாரோடு வந்து விலைபோகாத பாட்டு. மறு ஆண்டு தயாரிப்பாளர் டாம் வில்சன், பாடியவர்களைக் கேட்காமலே மின்கிதாரும் டிரம்ஸும் சேர்த்தார். அது ஃபோக்-ராக் ஆகி ஓடியது. சூழல் மாறினால் பொருளும் மாறும் இயல்பு அதற்கு முன்பே இருந்திருக்கிறது. படத்தின் கடைசிக் காட்சியில் மணக்கோலத்தோடு ஓடிவந்த நாயகி எலெய்னும் நாயகன் பெஞ்சமினும் பேருந்தின் பின்னிருக்கையில் சிரிக்கிறார்கள். சிரிப்பு மெல்ல வடிகிறது. வசனம் இல்லை, இந்தப் பாட்டுதான். அந்த இடத்துக்கென்றே எழுதியிருந்தாலும் இவ்வளவு பொருந்தியிருக்குமா, சந்தேகம்தான்.

படத்தின் இசைத்தட்டு வெறும் மறுவிற்பனைச் சரக்கு என்பார்கள். ஓரளவு உண்மை: டேவ் குருசினின் விருந்துக்கூட இசை இடையிடையே இடத்தை அடைக்கிறது; ‘மிஸஸ் ராபின்சன்’ அதில் அரைகுறை, முழுப்பாட்டு ‘புக்எண்ட்ஸ்’ தட்டில்தான். இருந்தும் 1968-இல் படத்தின் இசைத்தட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதில் ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ என்ற ஒரே பாட்டு தொடக்கத்தில் மின்கிதாரோடும் முடிவில் வெறும் கிதாரோடும் வருகிறது. அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டும் வேறு வேறு பாட்டாகத்தான் படுகின்றன.