நண்டுக் கூண்டும் நாலு முழம் சணலும்

நண்டு கொழுத்தால் வளையில் இராது என்பார்கள். அப்படி வெளியே வரும் நண்டைப் பிடிக்க மீனவர் அல்லாதவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். அதனால் நம் கடைகளுக்கு ஒரு புது வாடிக்கை வந்திருக்கிறது. பருப்பு, எண்ணெய், பாத்திரம், ஜவுளி என்று பலரும் அவரவர் துறையைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறார்கள். கயிறு, வலை வியாபாரத்தைப் பற்றி எழுத யாரும் முன்வரவில்லை. எனவே பாரிமுனையில் 40 ஆண்டுகளாகக் கயிறும் வலையும் மொத்தமாக விற்று வரும் நாங்கள், பட்டறிந்த ஒரு விஷயத்தைச் சக வியாபாரிகளுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் பழைய வாடிக்கை மீனவர்கள். அவர்களுக்கு நாம் எதையும் விளக்க வேண்டியதில்லை. நூலை விரலில் சுற்றி ஒரு இழு இழுத்தாலே தரம் தெரிந்துவிடும். புதியவர்கள் அப்படியில்லை. வங்கி அதிகாரி, கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர், ஓய்வு பெற்றவர் என்று பலரும் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கழிமுகத்துக்குப் போய் நாலு நண்டு பிடித்து வர ஆசைப்படுகிறவர்கள் இவர்கள். 2020 ஊரடங்கு தளர்ந்த பிறகு எங்கள் கடைக்கு இப்படி வருவோர் கூடினார்கள். "நல்லதா ஒரு கூண்டு குடுங்க" என்பார்கள். எது நல்லது என்று அவர்களுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், அப்போது எங்களுக்கும் சரியாகத் தெரியாது. மலிவாக வந்த மடக்குக் கூண்டை வாங்கி, எங்கள் கடைச் சீட்டை ஒட்டி, கை நிறைய விற்றோம்.

ஒரு சாக்கு மூட்டை

2022 தைப் பொங்கல் கழிந்து சில நாட்களில், கோவளம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். எங்கள் தகப்பனார் காலத்திலிருந்தே நம்மிடம் வலை வாங்குகிறவர். தோளில் இருந்த சாக்கைக் கல்லா முன்னால் இறக்கிக் கவிழ்த்தார். சேறு படிந்த மடக்குக் கூண்டு ஒன்று விழுந்தது. உள்ளே நண்டு ஓடுகள். எண்ணிப் பார்த்தோம், பதினொன்று இருந்தன. ஒரு மீனின் முள்ளும், கால்கள் போய் இன்னும் அசைந்துகொண்டிருந்த ஒரு நண்டும் கிடந்தன.

"முதலாளி, இது உங்க கடைச் சரக்குதானே?" என்றார். சீட்டு அழியாமல் இருந்தது.

"கயிறு அறுந்து தண்ணிக்கடியில கிடந்துச்சு. எங்க வலையில பாக்காத நண்டெல்லாம் இதுக்குள்ள இருக்கு. உங்ககிட்ட வலை வாங்கித்தான் நாங்க பொழைக்கிறோம். நீங்களே இதையும் விக்கிறீங்களே" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகம் உறைத்தது.

தொலைந்த கூண்டு சும்மா கிடப்பதில்லை. முதல் இரை தீர்ந்ததும் உள்ளே மாட்டிய நண்டு பட்டினியால் சாகிறது. செத்த நண்டின் வாடைக்கு அடுத்த நண்டு வருகிறது. பிறகு அதுவே இரையாகிறது. நைலானும் பாலிதீன் வலையும் தண்ணீரில் எளிதில் மக்குவதில்லை. ஆள் இல்லாத கடை ஆண்டுக்கணக்கில் திறந்து கிடப்பது போன்றதுதான் இது. அன்றிலிருந்து எந்தக் கூண்டை யாருக்கு விற்பது என்பதைக் கேட்டும் பார்த்தும் படிக்கத் தொடங்கினோம்.

எது யாருக்கு?

வாடிக்கையாளரிடம் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். எங்கே போடப் போகிறீர்கள்? பக்கத்திலேயே இருப்பீர்களா, போட்டுவிட்டுப் போய்விடுவீர்களா? பதிலைப் பொறுத்துச் சரக்கை எடுக்கலாம்.

வளைய வலை: இரும்பு வளையத்தில் வலை கட்டி, நடுவில் இரை வைத்து, கயிற்றில் இறக்கித் தூக்குவது. கரையிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. கால் மணிக்கு ஒரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கும்போது நிதானம் கூடாது, ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட்டாகவும் இருக்கும். தரையில் கிடக்கும்போது நண்டு வரலாம், போகலாம். ஆகவே தொலைந்தாலும் பெரிய கேடில்லை.

மடக்குக் கூண்டு: கம்பிச் சட்டம், சுற்றிலும் வலை, உள்ளே போக இரண்டு வாய். ஓரிரு மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். வாங்கும்போது கம்பியின் மூலைகளைப் பாருங்கள். பூச்சு மூலையில் விட்டிருந்தால் உப்புத் தண்ணீரில் முதலில் அங்கேதான் துருப்பிடிக்கும். வாய்ப்பகுதி தொங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும். வலைக்கண் மிகச் சிறியதாக இருந்தால் குஞ்சு நண்டும் குஞ்சு மீனும் மாட்டும். நண்டு பக்கவாட்டில் நடப்பது. ஆகையால் அடிப்பக்கத்தில் அகலமாகவும் உயரம் குறைவாகவும் ஒரு சந்து விட்டால் சின்னது வெளியே போய்விடும், பெரியது நிற்கும்.

குடைக் கூண்டு: குடை போல விரியும், சுற்றிலும் பல வாய் இருக்கும். பார்க்க அழகாக இருப்பதால் வேகமாக விற்கும். ஆனால் பெரும்பாலும் கண் மிகச் சிறியது. கம்பியும் மெல்லியது, பெரிய சேற்று நண்டின் கொடுக்குக்குத் தாங்காது. நாங்கள் இதைக் குறைத்துக்கொண்டோம்.

கண்ணி: இரைப் பெட்டியைச் சுற்றி நரம்புச் சுருக்குகள் வைத்துத் தூண்டிலில் எறிவது. நண்டின் கால் சிக்கும், பிரிக்கும்போது ஒடியும். சின்னதாக இருந்தால் திரும்ப விடவும் பயனில்லை. இதைக் கேட்டு வருகிறவருக்கு வளைய வலையைக் காட்டுகிறோம்.

கயிறும் மிதவையும்

கூண்டு தொலைவதற்குப் பெரும்பாலும் கயிறுதான் காரணம். இது நம் துறை, நாம்தான் சொல்ல வேண்டும். பாலிபுரொப்பிலீன் கயிறும் பாலிதீன் கயிறும் தண்ணீரில் மிதக்கும். நைலான் கயிறு மூழ்கும். மிதக்கும் கயிறு தண்ணீர் மேலே வளைந்து கிடந்தால் படகின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். கயிறு அறுந்தால் கூண்டு போயிற்று. நைலானைக் கொடுங்கள். மலிவுக் கயிறுதான் வேண்டும் என்றால் மிதவைக்குச் சற்றுக் கீழே ஒரு ஈயக் குண்டு கட்டச் சொல்லுங்கள்.

கயிற்றின் நீளம், ஏற்றத் தண்ணீரின் ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். வற்றத்தில் அளந்து வெட்டினால் ஏற்றத்தில் மிதவை முழுகிவிடும். கூண்டுக்குள் ஒரு செங்கல்லோ இரும்புத் துண்டோ கட்டாவிட்டால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். மிதவை கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும். அதில் பெயரும் போன் நம்பரும் அழியாத மையில் எழுதட்டும். படகு போகும் தடத்தில் போடக் கூடாது.

இரை

"என்ன இரை போடுவது?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. நண்டு கண்ணால் தேடுவதைவிட வாடையால் தேடும். எண்ணெய்ப் பசையுள்ள மத்தி, கானாங்கெளுத்தி ஆகியவற்றின் தலையும் குடலும் வாடையை வேகமாகப் பரப்பும், வேகமாகவே தீர்ந்தும் போகும். கோழிக் கழுத்து தோலும் எலும்புமாக இருப்பதால் நெடுநேரம் தாங்கும். வளைய வலைக்குக் கோழிக் கழுத்து, கூண்டுக்கு மீன் தலை என்று நாங்கள் சொல்வது வழக்கம். மீன் கடையிலும் கோழிக் கடையிலும் சொற்பக் காசுக்குக் கிடைக்கும். மிஞ்சியதைக் கல்லுப்பில் புரட்டி வைத்தால் அடுத்த வாரத்துக்கும் ஆகும். அழுகி நாறுவதுதான் நண்டுக்குப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் மீனவ வாடிக்கையாளர்கள் புதிய மீனைத்தான் வைக்கிறார்கள்.

இரையை அப்படியே போட்டால் கெளுத்தி மீன் கொத்திக்கொண்டு போய்விடும். சின்ன வலைப் பையிலோ துளையிட்ட டப்பாவிலோ வைத்துக் கூண்டின் நடுவில் கட்ட வேண்டும். ஓரத்தில் கட்டினால் நண்டு வெளியே நின்றபடியே தின்னும். நீரோட்டத்தில் வரும் வாடையைப் பிடித்து நண்டு எதிர்த்து வரும். ஆகவே கூண்டின் வாய்கள் நீரோட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும், குறுக்கே இருக்கக் கூடாது.

ஏற்றம் தொடங்கும் நேரம் நல்லது. ஏற்றம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதையும் சொல்லிவிடுங்கள், போன வார நேரத்துக்கே போய் வெறுங்கையோடு திரும்புவோர் உண்டு. முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் காலத்தில் உள்ளே ஏற்றம் வராது. அப்போது அந்தி நேரமே மேல். சேற்று நண்டு இருட்டில்தான் நன்றாக மேயும்.

பிடித்த பின்

வயிற்று மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். மடிப்புக்கு வெளியே முட்டைத் திரள் தெரிந்தால் அது சினை நண்டு. கையில் வைத்திருக்காமல் உடனே தண்ணீரில் விடச் சொல்லுங்கள். அடி ஓட்டை அழுத்தினால் அமுங்குகிறதா? புதிதாகச் சட்டை உரித்தது, உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான். அதையும் விட்டுவிட்டால் சில வாரத்தில் சதை பிடித்துவிடும்.

உயிர் நண்டை வாளித் தண்ணீரில் போட்டுக்கொண்டு வருவது பலர் செய்யும் தவறு. வாளித் தண்ணீரில் காற்று தீர்ந்து செத்துவிடும். ஈரச் சாக்கில் நிழலில் வைத்தால் சேற்று நண்டு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். செத்த நண்டைச் சமைக்க வேண்டாம், சீக்கிரம் கெட்டுவிடும். கொடுக்கைக் கட்டாமல் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

பழவேற்காடு பறவைகள் சரணாலயம், மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, காப்புக்காடாக உள்ள அலையாத்திக் காடுகள் ஆகியவை நம் விருப்பத்துக்குக் கூண்டு போடும் இடங்கள் அல்ல. வனத்துறையைக் கேட்காமல் போகாதீர்கள் என்று சொல்வதும் விற்பவர் கடமை.

நாலு முழம் சணல்

இப்போது அந்தச் சாக்கு மூட்டைக்குத் திரும்புவோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் உறவுக்காரப் பையனிடம் இதைச் சொன்னபோது, "இங்கே அதற்குச் சட்டமே இருக்கிறது, பெரியப்பா" என்றான். அங்கே பியூஜெட் சவுண்ட் என்ற கடற்பகுதியில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 12,000 நண்டுக் கூண்டுகள் தொலைவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு கூண்டிலும் ஒரு பகுதியை மக்கும் நூலால்தான் கட்ட வேண்டும். பருத்தி, சணல் போன்ற பதப்படுத்தாத நூலாக இருக்க வேண்டும். கூண்டு தொலைந்தாலும் நூல் மக்கி வாய் திறந்துகொள்ளும், உள்ளே இருப்பது வெளியே போய்விடும்.

சணல் நம் கடையில் மூட்டை மூட்டையாக இருக்கிறது! அன்றே ஒரு கூண்டை எடுத்து, பக்கவாட்டு வலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறி, சணல் நூலால் தைத்தோம். அந்தப் பெரியவர் தன் படகுத் துறையில் அதைப் போட்டு வைத்தார். நாலாவது வாரம் விரலால் இழுத்தபோதே தையல் விட்டது. ஒரு தையலுக்கு ஒரு முழம், மாற்றிக் கட்ட மூன்று முழம் என்று கூண்டோடு நாலு முழம் சணலைச் சுருட்டிக் கொடுக்கத் தொடங்கினோம். மாதம் ஒரு முறை மாற்றிக் கட்ட வேண்டும்.

இதில் நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஒரு சில்லறை வியாபாரி, கிழிந்த சரக்கு என்று 40 கூண்டுகளைத் திருப்பி அனுப்பினார். தையல் மாற்றாமல் விட்டு, பிடித்த நண்டு போய்விட்டதென்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. முதல் ஆண்டு கூண்டு விற்பனை குறைந்தது. ஒவ்வொருவருக்கும் நின்று விளக்க ஆள் வேண்டியிருந்தது. ஆனால் நம்மிடம் வலை வாங்கிப் பிழைக்கும் மனிதருடைய நண்டைக் கொன்றுவிட்டு, அவருக்கே அடுத்த ஆண்டு வலை விற்பது எப்படி? இரண்டு வாடிக்கையும் ஒரே கழியை நம்பி இருக்கிறார்கள். நாமும்தான்.

இந்தப் பொங்கலுக்கு முன் பெரியவர் வலைக்கு வந்திருந்தார். கூண்டு ஏதாவது கிடைத்ததா என்று கேட்டோம்.

"ரெண்டு கிடைச்சுது முதலாளி. ஒண்ணு உங்களது. சணல் விட்டு, வாய் பிரிஞ்சு, உள்ள ஒண்ணுமில்லாம கிடந்துச்சு. இன்னொண்ணுல ஒன்பது ஓடு. அது உங்களது இல்ல" என்றார்.

அந்த இன்னொன்றை யார் விற்றார்களோ தெரியாது. இந்த இதழைப் படிப்பவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். நேற்றுவரை நாங்களும் அப்படி விற்றவர்கள்தான், குறை சொல்ல வரவில்லை. உங்கள் கடையில் கூண்டு இருந்தால் இன்றே ஒன்றை எடுத்து, ஒரு சாண் கீறி, சணலால் தைத்துப் பாருங்கள். தைக்கும் முறை புரியாதவர்கள் எங்கள் கடைக்கு வந்தால், கூண்டு எங்கே வாங்கியதாக இருந்தாலும், செய்து காட்டுகிறோம்.