செக் நாட்டின் யதார்த்தவாதிகள்

வியன்னாப் பார்லிமெண்டில் இரண்டு ஆசனங்களுக்குமேல் ஒருபோதும் பெறாத கட்சியைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் நினைக்கக்கூடும். ஆயினும், 1900ஆம் ஆண்டில் பிராகாவில் பேராசிரியர் மசாரிக் தோற்றுவித்த செக் மக்கள் கட்சியின் வரலாறு நம் கவனத்திற்கு உரியதே.

அந்நாளில் செக் மக்கள் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியின்கீழ் வாழ்ந்தனர். ஜெர்மன் மொழியின் ஆதிக்கத்திற்கு எதிரே தம் மொழியின் தொன்மையை நிலைநாட்ட அவர்கள் பெரிதும் போற்றியவை இரண்டு பழஞ்சுவடிகள். அவை பிற்காலத்தவர் புனைந்த போலிகள் என்று மொழியறிஞர் கெபவர் 1886இல் எழுதினார். அதனை வெளியிட்டது மசாரிக்கின் பத்திரிகை. தேசத் துரோகி என்ற வசை உடனே எழுந்தது. பொய்யின்மீது தேசிய உணர்வைக் கட்டலாகாது என்பதே மசாரிக்கின் விடை. அவரையும் அவர் நண்பர்களையும் யதார்த்தவாதிகள் என்று அழைக்கலாயினர். அவர்கள் இளஞ்செக் கட்சியில் சேர்ந்தனர். 1891இல் பார்லிமெண்டிற்குச் சென்ற மசாரிக், அக்கட்சியோடு ஒத்துப்போக இயலாமல் 1893இல் விலகினார்.

இதனினும் கடுமையான சோதனை 1899இல் வந்தது. போல்னா என்னும் சிற்றூரில் ஓர் இளம்பெண் கொலையுண்டாள். யூதர்கள் மதச்சடங்கிற்காகக் கிறிஸ்தவ இரத்தம் சிந்துவர் என்ற பழைய மூடநம்பிக்கை தலைதூக்கிற்று; ஹில்ஸ்னர் என்ற யூத இளைஞனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மறுவிசாரணை வேண்டும் என்று மசாரிக் எழுதினார். விளைவு? அவருடைய மாணவர்களே கூச்சலிட்டு விரிவுரைகளை நடக்கவொட்டாமல் தடுத்தனர். மறுவிசாரணையிலும் தீர்ப்பு மாறவில்லை. சக்கரவர்த்தி தண்டனையை ஆயுட்சிறையாகக் குறைத்தார். ஹில்ஸ்னர் விடுதலை பெற்றது 1918இல்தான்.

இத்தகைய வெறுப்புச் சூழலிலேதான் கட்சி பிறந்தது. தனிமனித உரிமையோடு தொழிலாளர் நலனையும், அனைவருக்கும் வாக்குரிமையையும் அது வேண்டிற்று. எட்டு மணி நேர வேலைக்காகவும் பெண்களின் சமத்துவத்திற்காகவும் மசாரிக் வாதாடினார். இவை முதலாளிகளுக்கும் உவப்பல்ல, வெறும் தேசியம் பேசியவர்களுக்கும் உவப்பல்ல. படித்தவர் சிலரைத் தவிர ஆதரவாளர் குறைவு. 1906இல் முற்போக்குக் கட்சி என்று பெயர் மாறியது. ஆடவர் அனைவரும் வாக்களித்த 1907ஆம் ஆண்டுத் தேர்தலில், சமூக ஜனநாயகவாதிகளின் ஆதரவோடு மசாரிக் மொரேவியாவில் வென்றார். துர்தினா என்ற பேராசிரியர் அவருக்குத் துணை உறுப்பினர். 1911இல் மசாரிக் ஒருவரே எஞ்சினார்.

1909இல் தென் ஸ்லாவியத் தலைவர்கள்மீது துரோகக் குற்றம் சாட்டப்பட்டபோது, அதற்குக் காட்டிய ஆவணங்கள் போலியானவை என்பதை அம்பலப்படுத்துவதில் முன்னின்றவர் மசாரிக்கே. சுவடிகளைப் பற்றிய பழைய வழக்கு இங்கே அவருக்குப் பயின்ற கலையாயிற்று எனலாம்!

யுத்தம் மூண்டபின் 1914 டிசம்பரில் மசாரிக் நாட்டைவிட்டு வெளியேறி, அயல்நாடுகளில் செக்கோஸ்லோவாக்கியச் சுதந்திரத்திற்காக உழைத்தார். அவர் இல்லாத காலத்தில், 1918 தொடக்கத்தில், அவர் கட்சி பெரியதொரு தேசியக் கட்சியில் கலந்து மறைந்தது. அவ்வாண்டு நவம்பரில் புதிய குடியரசின் முதல் ஜனாதிபதியாக மசாரிக் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1935வரை பதவி வகித்தார். பதவியேற்றபோது தமக்கென்று ஒரு கட்சி அவருக்கு இல்லை.