முதுகெலும்பு முறிந்தவரைத் தூக்கும்போது

வேலூரை அடுத்த பாகாயத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காக ஒரு மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. சிஎம்சி மருத்துவமனையைச் சேர்ந்த அதை 1966-இல் உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸும் சக்கர நாற்காலியில் இருந்தவர்தான். 1954 ஜனவரியில் நடந்த கார் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்குப் பிறகும் நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இத்தகைய நிலையங்களுக்கு வருகிறவர்கள் சாலை விபத்தில் சிக்கியவர்கள் மட்டுமல்ல. மரத்திலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் விழுந்தவர்களும் உண்டு. முறிந்த எலும்பு அசையும்போது உள்ளிருக்கும் தண்டுவடம் மேலும் நசுங்கலாம். உதவ ஓடிவரும் நல்ல மனசுக்காரர்கள் அடிபட்டவரைக் கைகால் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான்.

தீ, வாகன நெரிசல் போன்ற உடனடி அபாயம் இல்லையென்றால் அவரை இருக்கும் இடத்திலேயே அசையாமல் வைத்திருங்கள். தலையையும் கழுத்தையும் திருப்ப வேண்டாம். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். குடிக்க எதுவும் தராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். போலீஸ், கோர்ட் என்ற பயம் வேண்டாம்: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, உதவி செய்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை.