ஜெர்மனியில் படிப்பு, வேலைக்கு என்ன வழி?

நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாதர் எக்ஸ்பிரஸ் ஏறிப் பம்பாய்க்கு வந்தவர்களில் நானும் ஒருவன். தூரத்து உறவில் ஒரு சித்தப்பாவின் விலாசம், டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட், மாதுங்காவில் மெஸ் சாப்பாடு. அன்று நம்மவர்களின் மூலதனம் இவ்வளவுதான். தெரிந்தவர் தெரிந்தவரிடம் சொல்ல, எப்படியோ வேலை கிடைத்தது. இன்று நம் பிள்ளைகள் விமானம் ஏறிப் போகிறார்கள். அங்கே அவர்களுக்குச் சித்தப்பாவும் இல்லை, சிபாரிசும் இல்லை.

சமீப காலமாக நம் சங்க விழாக்களில் என்னைப் பார்க்கிறவர்கள், "உங்க பொண்ணு ஜெர்மனியில வேலைக்குச் சேர்ந்துட்டாளாமே, எப்படி சார்?" என்று கேட்கிறார்கள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 49,000 பேர். அங்கே படிக்கும் அயல்நாட்டாரில் முதலிடம் நமக்குத்தான். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட, எங்கள் குடும்பம் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

என் மகள் 2021 அக்டோபரில் சாக்சனி மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மின்பொறியியல் மேற்படிப்பில் சேர்ந்தாள். 2024 மார்ச்சில் பட்டம் வந்தது. வேலை கிடைத்தது அதே ஆண்டு நவம்பரில். இடைப்பட்ட எட்டு மாதமும் எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. காரணம், டோம்பிவிலி வீட்டின் பத்திரம் கல்விக் கடனுக்காக வங்கியில் இருந்தது.

முதலில் கணக்கு

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வைத்துவிட்டது. கட்டணம் இல்லாவிட்டாலும் வாழ்க்கைச் செலவுக்கு ஓராண்டுத் தொகையை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். என் மகள் போனபோது அது 10,332 யூரோ. 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992.

விசாவுக்கு முன் எங்களுக்கு யோசனை சொன்ன ஏஜென்ட் ஒருவர், "பார்ட் டைம் வேலை பார்த்தே மாசம் ஒரு லட்சம் வீட்டுக்கு அனுப்பலாம் சார்" என்றார். இதை நம்பிக் கடன் வாங்கிய குடும்பங்கள் உண்டு. உண்மைக் கணக்கு இதுதான். 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ, 2026 ஜனவரி முதல் 13.90. வாரம் 20 மணி நேரம் உழைத்தால் 2025 கணக்கில் மாதம் சுமார் 1,100 யூரோ. வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் போனால் மிச்சம் சொற்பம். பிள்ளை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளலாம். கடன் தவணையையும் அதில் அடைக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

படிக்கும்போதே தொடங்க வேண்டும்

சட்டப்படி மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சுக்கு முன் இது 120, 240 என்று இருந்தது. பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியருக்கு உதவியாளராக வேலை பார்த்தால் அந்த நாள்கள் இந்தக் கணக்கில் சேராது. அங்கே அதை 'ஹிவி' வேலை என்கிறார்கள். பாடத்திட்டத்தில் கட்டாயமாக உள்ள தொழிற்பயிற்சியும் சேராது. சொந்தத் தொழிலோ ஒப்பந்த வேலையோ செய்ய வெளிநாட்டவர் அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும். ரசீது இல்லாமல் கையில் காசு தரும் வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'கறுப்பு வேலை'. அதில் மாட்டினால் விசாவுக்கே ஆபத்து.

என் மகள் முதல் பருவத்தில் ரொட்டிக்கடையில் நின்றாள். அதில் கேவலம் ஒன்றுமில்லை. மொழி பேசிப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் இரண்டாம் ஆண்டும் அங்கேயே நின்றுவிடக் கூடாது. இரண்டாம் பருவத்தில் ஹிவி வேலை, மூன்றாம் பருவத்தில் படிப்புக்கேற்ற கம்பெனியில் 'வெர்க்ஷ்டுடென்ட்' என்ற மாணவப் பணியாளர் வேலை, கடைசியில் ஆய்வேட்டையே ஒரு கம்பெனியில் செய்வது என்று படிப்படியாக ஏற வேண்டும். வேலை கொடுப்பவர்கள் மதிப்பெண்ணுக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது, "எங்கள் நாட்டுக் கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறாயா?" என்பதைத்தான்.

மொழிதான் சாவி

பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறதே, ஜெர்மன் எதற்கு என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். வகுப்பு ஆங்கிலத்தில்தான், தொழிற்கூடமும் கேன்டீனும் ஜெர்மனில். பெரிய நகரத்து மென்பொருள் வேலைகள் சிலவற்றுக்கு ஆங்கிலம் போதும். ஆனால் அந்நாட்டின் முதுகெலும்பு சிற்றூர்களில் இருக்கும் நடுத்தரக் கம்பெனிகள். அவர்களுக்கு ஜெர்மன் பேசும் ஆள்தான் வேண்டும்.

புறப்படுமுன் இங்கேயே பி-1 நிலை வரை முடித்துவிடுவது உத்தமம். மும்பையில் காலா கோடாவில் மாக்ஸ்முல்லர் பவன் இருக்கிறது. தில்லி, பெங்களூரு, கொல்கத்தா, புனே, சென்னையிலும் உண்டு. இந்தி, மராத்தி, ஆங்கிலம் என்று வீட்டுக்கு வெளியே மூன்று மொழி பேசி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இன்னொரு மொழி பெரிய பாரமா என்ன?

விண்ணப்பம் போடுவது

என் மகள் முதல் ஐந்து மாதத்தில் போட்ட விண்ணப்பங்கள் தொண்ணூறுக்கு மேல். எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய கார் கம்பெனிகளுக்கு. காலமும் சரியில்லை. ஜெர்மனியின் பொருளாதாரம் 2023, 2024 இரண்டு ஆண்டும் சுருங்கியது. 2024 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே 2030-க்குள் 35,000-க்கு மேற்பட்ட வேலைகளைக் குறைக்கத் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் என் மனைவி கற்றுக்கொண்ட ஒரே ஜெர்மன் சொல் 'அப்ஸாகெ'. 'உங்களுக்கு வேலை இல்லை' என்று வரும் கடிதம். போனை எடுத்ததுமே, "இன்னிக்கும் அப்ஸாகெதானா கண்ணு?" என்று கேட்பாள். "ஆமாம்மா" என்று பதில் வரும்.

பிறகு பல்கலைக்கழகத்தின் வேலை ஆலோசனைப் பிரிவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினாள். இந்தப் பிரிவு இலவசம். அரசு வேலைவாய்ப்பு நிறுவனமான 'அகென்டூர் ஃப்யூர் ஆர்பைட்' என்பதும் இலவசம். நம் ஊர் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் போலக் கார்டைப் புதுப்பித்துவிட்டுக் காத்திருக்கும் இடமல்ல அது. அங்கெல்லாம் அவளுக்குச் சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறேன்:

தன்விவரக் குறிப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கடைசியாகச் செய்தது முதலில் வர வேண்டும். இடையில் சும்மா இருந்த மாதங்கள் இருந்தால் அவற்றுக்கும் காரணம் எழுத வேண்டும். அதோடு ஒரு பக்கக் கடிதம், அந்தந்தக் கம்பெனிக்கென்றே எழுதியதாக, ஜெர்மன் மொழியில். எந்த வேலையை விட்டு விலகினாலும் 'ஆர்பைட்ஸ்ட்ஸோய்க்னிஸ்' என்ற பணிச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். அதைப் பெறுவது தொழிலாளியின் சட்ட உரிமை. ரொட்டிக்கடைச் சான்றுக்கும் மதிப்பு உண்டு. நேரத்துக்கு வருகிறவள் என்று அது சொல்கிறதல்லவா?

அதன்பின் போட்டவை இருபதே விண்ணப்பங்கள், நான்கு நேர்முகம். ஆய்வேடு செய்த இடத்து மேலாளருக்கும் எழுதினாள். அங்கே காலியிடம் இல்லை. ஆனால் ரயில் சிக்னல் கருவி செய்யும் வேறொரு சிறு கம்பெனியை அவர் காட்டினார். ரயில்வே சம்பளத்தில் வளர்ந்த பெண் கடைசியில் ரயிலுக்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

இரண்டு கடிகாரங்கள்

பெற்றோர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. படிப்பு முடிந்ததும் வேலை தேட ஜெர்மனி 18 மாதம் தங்க அனுமதி தருகிறது. அந்தக் காலத்தில் பிழைப்புக்கு எந்த வேலையும் பார்க்கலாம். இது அங்கே ஓடும் கடிகாரம். இங்கே வங்கியில் இன்னொரு கடிகாரம் ஓடுகிறது. கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும்தான் பெரும்பாலும் அவகாசம். என் மகளின் படிப்பை வங்கி இரண்டாண்டு என்று எழுதியிருந்தது. அவள் முடிக்க இரண்டரை ஆண்டு ஆனது. அங்கே பலருக்கும் ஒரு பருவம் கூடுதலாகவே ஆகிறது. அதனால் 2024 அக்டோபரிலேயே தவணை தொடங்கிவிட்டது. முதல் மூன்று தவணைகள் என் பென்ஷனிலிருந்து போயின. கடன் வாங்கும்போதே ஆறு மாதத் தவணையைத் தனியே எடுத்து வையுங்கள்.

தகுதிக்கேற்ற வேலை கிடைத்தால் 'நீல அட்டை' வாங்கலாம். புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கு 2025-இல் அதற்கான ஆண்டுச் சம்பள வரம்பு 43,759.80 யூரோ. இது ஆண்டுதோறும் மாறும். அந்த அட்டையோடு 21 மாதம் வேலை பார்த்து, ஓய்வூதியச் சந்தாவும் கட்டி, பி-1 ஜெர்மனும் இருந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக ஒன்று. வாரத்துக்கு ஏழு தடவை போன் செய்து "வேலை என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள். வேலை கிடைத்தால் அவர்களே முதலில் நமக்குத்தான் சொல்வார்கள். இந்த ஆண்டு ஜெர்மனிக்குப் பிள்ளைகளை அனுப்பும் சங்க அன்பர்கள் ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் என்னைச் சந்திக்கலாம். என் மகள் ஜெர்மனில் எழுதிய விண்ணப்பக் கடிதத்தின் பிரதி அங்கே வைத்திருக்கிறேன், பார்த்து எழுதிக்கொள்ளலாம்.