கண்ணாடித் தொட்டியில் ஒரு குடும்பம்

நம் வீட்டுக்கு வந்த முதல் ஜோடி ராம் சிக்லிட் மீன்கள் 9 நாளே உயிர் வாழ்ந்தன. விரலளவு மேனி, அதில் நீலப் பொட்டுகள், சிவந்த கண், அதனூடே இறங்கும் ஒரு கருங்கோடு. பள்ளிக்கூடம் விட்டதும் குழந்தைகள் பலகாரத்தைக்கூட மறந்து தொட்டியின் முன் உட்கார்ந்து விடுவார்கள். பத்தாம் நாள் காலையில் இரண்டும் மிதந்தன. "நாம் என்ன தப்புச் செய்தோம்?" என்று கடைக்குட்டி கேட்டாள். நமக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது. புதுத் தொட்டி, புது மணல், புது ஜலம், புது மீன் என்று எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கிருகப்பிரவேசம் செய்து வைத்ததுதான் நாம் செய்த தப்பு.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் ஜலத்தில் அமோனியா என்னும் விஷத்தை உண்டாக்குகின்றன. ஜலம் பளிங்குபோல் தெளிந்திருக்கும்போதே விஷம் ஏறியிருக்கக்கூடும். ஒருவகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷமே. வேறொரு வகை அதனை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். இவை மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் செல்லும். அதுவரை மீன் விடாமல், தினம் ஒரு சிட்டிகை தீனியை மட்டும் போட்டு வர வேண்டும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று பரிசோதனைத் திரவம் காட்டிய பிறகே மீனுக்கு அழைப்பு. பஞ்சைக் குழாய் ஜலத்தில் கழுவலாகாது. அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த ஜலத்திலேயே அலச வேண்டும்.

இம்மீன்களின் பிறந்தகம் தென்னமெரிக்காவில், வெனிசுலா, கொலம்பியா நாடுகளிலுள்ள ஒரினோகோ நதிப் பிரதேசம். 1948-ல் மையர்ஸ், ஹாரி என்னும் இருவர் இவற்றுக்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினர். அங்கே ஜலம் வெதுவெதுப்பானது, உப்புச் சத்துக் குறைந்தது, சற்றுப் புளிப்பானது. உஷ்ணம் 27 முதல் 30 டிகிரி வரை வேண்டும். சென்னைவாசிகளுக்கு அதைப்பற்றி அதிகக் கவலையில்லை. மார்கழிக் குளிருக்கு மட்டும் சூடேற்றி ஒன்று இருந்தால் போதும். ஆனால் கிணற்று ஜலத்தின் கடினம் இவற்றுக்கு ஆகாது. முதல் மழையில் கூரை கழுவுண்ட பின்னர்ப் பிடித்த மழைநீரைக் கலந்து கொள்வது நலம். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றிரண்டு போட்டால் ஜலம் தேநீர் நிறம் கொள்ளும். நம் கண்ணுக்கு அது அழுக்கு. மீனுக்கோ சொந்த ஊர்.

2 அடி நீளத் தொட்டி ஒரு ஜோடிக்குப் போதும். ஒளிந்துகொள்ளச் செடிகளும் கற்களும் அவசியம். வாரந்தோறும் கால் பங்கு ஜலத்தை மாற்ற வேண்டும். புது ஜலம் குளோரின் நீங்கியதாய், அதே சூடு உடையதாய் இருக்கட்டும். தீனி, இரண்டொரு நிமிஷத்தில் தின்று தீரும் அளவே. பாசத்தால் அள்ளிப் போடும் தீனி மறுநாள் விஷமாகிவிடும்!

மீன் நிறம் கறுத்து, துடுப்பை ஒடுக்கி, வேகமாய் மூச்சு வாங்கினால் உடனே மருந்துப் புட்டியைத் தேட வேண்டாம். முதலில் ஜலத்தைப் பரிசோதியுங்கள். பாதி நோய்க்குக் காரணம் அங்கேதான் இருக்கும்.

இரண்டு மாதம் பொறுத்து, நாம் இரண்டாவது ஜோடியைக் கொணர்ந்தோம். ஒருநாள் தட்டையான கல்லின்மேல் கடுகினும் சிறிய முட்டைகள் தென்பட்டன. தாயும் தந்தையும் முறை வைத்துக் காவல் நின்றன. மறுநாள் காலையில் முட்டை ஒன்றுகூட இல்லை; பெற்றோரே தின்றுவிட்டன! முதற் பேற்றில் அனுபவமற்ற ஜோடிகள் இப்படிச் செய்வதுண்டாம்.

அடுத்த முறை குஞ்சுகள் பொரிந்தன. அவை ஒரு சிறு மேகம்போல் தாயைச் சூழ்ந்து நீந்தியபோது, கடைக்குட்டி மூச்சுவிடாமல் பார்த்துக் கொண்டிருந்தாள். அன்று அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நமக்கு ஆறு மாதம் ஆயிற்று.