90 நாள் ஷரத்து யாரைக் காக்கிறது?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய நாள் முதலாக, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஆலைகள் பெருகப் பெருக, எந்த ஆலையின் சம்பளப் பட்டியலிலும் பெயர் இல்லாமலே பல ஆலைகளுக்கும் இன்றியமையாதவர்களாகிவிட்ட ஒரு கூட்டமும் அவற்றோடு வளர்ந்திருக்கிறது. கொரிய, ஜப்பானியப் பொறியாளர்களுக்குத் துபாஷிகளாக நிற்பவர்கள், எந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. புரோகிராம் எழுதுகிறவர்கள், டை டிசைன் வரைகிறவர்கள், தரத் தணிக்கைக்கு ஆலையைத் தயார் செய்கிறவர்கள் என இவர்கள் பலவிதம். நாள் கணக்கிலோ வேலைக் கணக்கிலோ பில் போட்டுப் பணம் பெறுவதால் எல்லோரும் ஃப்ரீலான்ஸர் என்ற ஒரே பெயரில் அடங்குவர். இவர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் 60 நாள், 90 நாள் என்று நோட்டீஸ் காலம் எழுதப்பட்டிருந்தால், அதைக் காலில் இடும் விலங்கென்று கருதி 30 நாளாகக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதே பெரும்பாலும் வழக்கம்.

பேரம் பேச வேண்டிய இடம் அதுவன்று என்பது என் அபிப்பிராயம். நாட்களின் எண்ணிக்கையைவிட, அந்த நாட்களில் வேலைக்கும் பணத்துக்கும் உத்தரவாதம் உண்டா என்பதே முக்கியமான கேள்வி.

உத்தரவாதமின்மை தனி மனிதனுக்கு மட்டும் உரிய கவலை அன்று. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலையின் கதையே இதற்குச் சாட்சி. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசி வியாபாரம் மைக்ரோசாஃப்ட் கைக்கு மாறியபோது, வரி வழக்கின் காரணமாக இந்த ஆலை விற்பனையில் சேராமல் பழைய முதலாளியிடமே நின்று, புதிய முதலாளிக்கு ஒப்பந்தத்தின் பேரில் கைபேசி செய்து கொடுக்கும் நிலைக்கு வந்தது. வாங்குகிறவர் ஒருவரே, அவர் வாங்குவதை நிறுத்திக்கொள்ளப்போகிறார் என்ற செய்தி அவ்வாண்டு அக்டோபர் முதல் வாரத்தில் வெளியாக, நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதை அண்டியிருந்த ஃபாக்ஸ்கானும் டிசம்பரில் தன் அங்கத்திய ஆலையை நிறுத்தியது. ஒரே வாடிக்கையாளரை நம்பி நிற்பவர் எத்தனை பெரியவராயினும், அவருடைய வாழ்வு அந்த வாடிக்கையாளரின் ஒரு கடிதத்தில் இருக்கிறது.

நீண்ட நோட்டீஸ் காலத்தால் பிரயோஜனமும் உண்டு என்பதற்கு, இந்தியன் ஆயில் நிறுவனத்துக்கும் அமிர்தசரஸ் கேஸ் சர்வீஸ் என்ற விநியோகஸ்தருக்கும் இடையே நடந்து 1991-ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியான உச்சநீதிமன்றத் தீர்ப்பு நல்ல ஆதாரம். 30 நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தம் முறைகேடாக முறிக்கப்பட்டாலும், அதை மறுபடி உயிர்ப்பிக்க முடியாது, அந்த 30 நாள் வருமானமே நஷ்டஈடு என்று நீதிமன்றம் கண்டது. ஆகவே, நிறுவனம் உங்களுக்குத் தரவேண்டிய நோட்டீஸ் 7 நாள் என்றிருந்தால், உங்கள் நஷ்டஈட்டின் உச்சவரம்பும் ஏறக்குறைய 7 நாள் வருமானத்தோடு நின்றுவிடும்.

ஆனால் அந்த வருமானத்தை எதைக் கொண்டு கணக்கிடுவது? இத்தனை நாள் வேலை தருவோம் என்று எங்கும் சொல்லாமல், நாளொன்றுக்கு இவ்வளவு என்று விலையை மட்டும் குறிக்கும் ஓப்பன் பி.ஓ. (கொள்முதல் ஆணை) என்றால், 90 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, மறுநாளே கேட் பாஸை ரத்து செய்து, பி.ஓ.வையும் பாதியிலேயே முடித்து 'ஷார்ட் க்ளோஸ்' செய்துவிட்டு, காகிதத்தில் ஒப்பந்தம் இன்னும் அமலில் இருக்கிறது என்று நிறுவனம் வாதிடலாம். வேலையும் இல்லை, பில்லும் இல்லை. அந்த 90 நாளும் வேறு ஆலைக்கு வேலை செய்யலாகாது என்ற தடையும் கூடவே இருந்தால் நிலைமை மேலும் மோசம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும் காலத்துக்கு மட்டும் உரிய தடை, நியாயமானதாக இருந்தால் செல்லும் என்று 1967-இல் கோலிகாரி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. நோட்டீஸ் காலமும் ஒப்பந்த காலமே. விலகிய பின் செல்லாத தடையை விலகுவதற்கு முன்பே நீட்டிவைக்கும் உபாயமாக இந்த ஷரத்து பயன்படக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

விலக விரும்புகிறவர் அஞ்ச வேண்டியதும் அவ்வளவாக இல்லை. ஒருவரின் சொந்தத் திறமையைச் சார்ந்த சேவையை 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகை நிவாரணச் சட்டப்படி கட்டாயப்படுத்தி வாங்க முடியாது. நிறுவனம் பணமே கேட்கலாம். 'மூன்று மாதக் கட்டணம் அபராதம்' என்று எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி அது உச்சவரம்பே தவிர, அப்படியே கிடைத்துவிடும் தொகை அன்று. நஷ்டத்தை நிரூபிக்க முடிந்த இடத்தில் நிரூபித்தாக வேண்டும் என்று 2015-இல் கைலாஷ்நாத் வழக்கில் தீர்ப்பாயிற்று. ஆனால் புதிய லைன் பாதி ஓடிக்கொண்டிருக்கையில் புரோகிராமர் போனை அணைத்துவிட்டு மறைந்தால் ஆலைக்கு உண்மையிலேயே நஷ்டம் உண்டு, அதை நிரூபிப்பதும் கடினமன்று. அத்தகைய வேலைகளில் நோட்டீஸ் கேட்பது நியாயமே.

ஆகவே கையெழுத்துக்கு முன் மின்னஞ்சலில் கேட்டு வாங்க வேண்டியவை இவை: இருதரப்புக்கும் ஒரே நோட்டீஸ் காலம், வேலை தராவிட்டாலும், அந்தக் காலத்துக்குக் கடந்த மூன்று மாத பில்களின் சராசரியைக் கட்டணமாகத் தருவோம் என்ற உறுதி, வேறு வேலை செய்யத் தடையின்மை, பில் 45 நாளைக் கடந்து நிலுவையானால் நோட்டீஸின்றி விலகும் பாத்தியதை. கட்டண உறுதி தரப்பட்டால் 90 நாளுக்கும் சம்மதிக்கலாம்; மறுக்கப்பட்டால் 15 நாளே அதிகம் என்பேன்.

நோட்டீஸ் காலத்தைச் சாக்கிட்டு பழைய பில்லை நிறுத்திவைப்பது இன்னொரு அபாயம். உத்யம் பதிவு இலவசம். அதை ஒப்பந்தத்துக்கு முன்பே செய்துகொண்ட குறுந்தொழில்முனைவோருக்கு, 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டப்படி, எந்த ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டுவட்டியாக ஏறும். அச்சட்டத்தின் கீழுள்ள வசதியாக்க மன்றத்தில் இணையம் வழியாக மனுச் செய்யலாம்.

ஷிப்டு நேரத்தையும் விடுப்பையும் சூப்பர்வைசர் நிர்ணயிக்க, ஆலையின் கருவிகளைக் கொண்டே ஆண்டுக்கணக்கில் உழைப்பவர், பில் போடுவதாலேயே ஃப்ரீலான்ஸர் ஆகிவிடமாட்டார். பத்திரத்தில் உள்ள பெயரைவிட வேலையின்மீது செலுத்தப்படும் ஆதிக்கத்தின் அளவே முக்கியம் என்று தாரங்கதாரா உப்பளத் தொழிலாளர் வழக்கில் 1956-லேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. அத்தகையோர் தொழிலாளர் அலுவலரை நாடலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு; தேசிய உதவி எண் 15100. வரவேண்டிய பணத்துக்கு வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்றாண்டே காலவரம்பு, ஆகையால் பி.ஓ.வையும் பில்லையும் மின்னஞ்சல்களையும் நிறுவனத்தின் லேப்டாப்பில் விட்டுவிடாமல், கேட் பாஸ் கையில் இருக்கும்போதே சொந்தப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.