பூஞ்சணம் தந்த மருந்து

மாரி மழை தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்து வீடுகளிற் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டந்தான். அரிசியிலும் ஒடியலிலும் பூஞ்சணம் பிடித்துவிட்டதே என்று அன்னையர் கவலைகொள்வதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அரிசியிற் கண்ட பூஞ்சணமொன்றே இருதய நோயைத் தடுக்கும் சிறந்த மருந்துகளுக்கு வழிகாட்டியது என்றால் வியப்பாக இல்லையா?

கொலஸ்திரோல் உடலுக்கு வேண்டிய பொருளே. உணவிலிருந்து கிடைப்பதிலும் பார்க்க நமது உடலே அதனை அதிகமாக ஆக்கிக்கொள்கிறது. ஆனால், இரத்தத்தில் அது மிஞ்சினால் நாடிகளின் உட்சுவரிற் படிந்து, மாரடைப்புக்குக் காரணமாகிறது. ஈரலில் இவ்வாக்க வேலையின் வேகத்தை நிருணயிப்பது ஒரு நொதியம். அதனைத் தடுக்கும் பொருளைத் தேடினார் யப்பானிய அறிஞர் அக்கிரா எண்டோ. தம்மோடு போட்டியிடும் நுண்ணுயிர்களை அடக்குவதற்காகப் பங்கசுகள் அத்தகைய பொருளை ஆக்கக்கூடும் என்பது அவர் எண்ணம். 1971 ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில் 6,000 வரையிலான பங்கசுகளைச் சோதித்தார். 1973 இல், கியோத்தோ நகர அரிசிக் கடையொன்றிற் கிடைத்த பெனிசிலியம் இனப் பூஞ்சணத்தில் அப்பொருள் அகப்பட்டது. பின்னர் அஸ்பெர்ஜிலஸ் என்னும் வேறொரு பங்கசிலிருந்து பெற்ற லோவாஸ்டாட்டின், 1987 இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது.

பங்கசு இம்மருந்தைத் தனது நொதியங்களைக் கொண்டே பின்னுகிறது. லோவாஸ்டாட்டினைச் சிறிது மாற்றினால் சிம்வாஸ்டாட்டின் கிடைக்கும். அம்மாற்றத்துக்கு முன்னர் பல இரசாயனப் படிகள் தேவைப்பட்டன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யி தாங், பங்கசின் நொதியம் ஒன்றே அவ்வேலையைச் செய்யும் எனக் கண்டார். அந்நொதியத்தைக் கொடெக்சிஸ் நிறுவனம் மேலும் திறனுள்ளதாக்கியது. கழிவைக் குறைத்த இம்முறைக்கு 2012 இல் அமெரிக்காவின் பசுமை இரசாயனப் பரிசு கிடைத்தது.

நமது அயலிலும் இத்தொழில் வளர்ந்துள்ளது. 1978 இல் பெங்களூரில் தொடங்கிய பயோகோன் நிறுவனம் முதலில் ஆக்கியது பப்பாசிப் பாலிலிருந்து பெறும் நொதியமே. அந்நிறுவனத்தின் லோவாஸ்டாட்டினுக்கு 2001 இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் நொதிய ஆய்வுகள் நடைபெற்று வந்துள்ளன. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர்க்கு இத்துறை எட்டாத ஒன்றன்று.

இதனைப் படித்துவிட்டுப் பூஞ்சணம் பிடித்த பண்டத்தை எவரும் உண்ணத் துணியலாகாது. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சும் உண்டாகலாம். மருந்து வேறு, பூஞ்சணம் வேறு.

மற்றொன்றும் சொல்லவேண்டும். கொலஸ்திரோல் மிகுந்தாலும் உடலில் நோவு தெரியாது. அதனால் "சுகமாகத்தானே இருக்கிறேன்" என்று குளிசையைத் தாமாகவே நிறுத்திவிடும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. வைத்தியரைக் கேளாமல் அவ்வாறு செய்தல் ஆபத்தாகும். பொறுமையோடு ஆயிரமாயிரம் பூஞ்சணங்களைச் சோதித்துத் தேடிய மருந்தை நாளொன்றுக்கு ஒருமுறை மறவாது எடுக்கும் பொறுமையாவது நமக்கு வேண்டாமா?